திங்கட்கிழமை மணம்

என் புருசன் விஸ்கி குடிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இவர் செத்து எட்டாம் நாள் படைத்த எட்டுச் செலவில் வாழையிலைக்குப் பக்கத்தில் ஒரு லீற்றர் விஸ்கிப் போத்தல் நிமிர்ந்து நின்றது. கொண்டுவந்து வைத்தவர் அருட்பிரகாசம் அண்ணை, இவருக்குப் பெரியப்பா மகன். செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் படைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். ஆம்பிளை என்றால் விஸ்கிதான் விருப்பமாக இருக்கும் என்பது அண்ணையின் நினைப்பு. படைத்து முடிந்த கையோடு போத்தலைத் திறந்து முக்கால்வாசியை அவரே முடித்தார். செத்த வீட்டுச் சாட்டில் அவருடைய விடாய் தீர்ந்தது.

நான் சுவரோடு சாய்ந்துகொண்டு மாலை போட்ட படத்தைப் பார்த்தேன். விஜயரத்தினம், அறுபத்து மூன்று வயது. இலையில் கோழிக்கறி இருந்தது, கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது, றால் வடை இருந்தது. எல்லாம் இவருக்குப் பிடித்ததுதான். குடிக்க வைத்தது மட்டும் ஆருக்கோ பிடித்தது. மனுசன் விடாயோடு போகப்போகிறாரே என்று அன்றைக்கே எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஒரு வருசத்தில் வருகிற ஆட்டைத் திவசத்துக்காவது சரியானதை வைப்பேன் என்று அந்தச் சுவரோடு இருந்தபடியே நினைத்துக்கொண்டேன்.

சரியானது என்றால் ஷெரி. ஸ்பெயினில் செய்கிற ஒரு வகை வைன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவர் சொல்ல வராமல் இல்லை. நான்தான் சொல்ல விட்டதில்லை.

இவர் எண்பத்தாறில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். நான் தொண்ணூற்றிரண்டில் கலியாணத்துக்கு வந்தேன். கெல்சென்கிர்ச்சனில் இவர் வேலை செய்த தொழிற்சாலை இரண்டாயிரத்து மூன்றில் பூட்டுப்பட்டது. ஹம்பேர்க்கில் ஒரு ஸ்பானிய ரெஸ்ரோறண்டில் குசினி வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, ஒரு வருசம் பார்ப்பம் என்று போனார். மகனுக்கு இங்கே பள்ளிக்கூடம், எனக்கு இங்கே முதியோர் இல்லத்துக் குசினியில் நிரந்தர வேலை. இவருடைய அந்த ஒரு வருசம் பதினெட்டு வருசம் நீண்டது.

ரெஸ்ரோறண்டுக்குத் திங்கட்கிழமை ஓய்வு நாள். காலையில் ஹம்பேர்க்கில் ரயில் ஏறி, மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு மணியை அடிப்பார். செவ்வாய் விடியப் போய்விடுவார். கிழமைக்கு ஒரு நாள் புருசன். நான் ஒரு மணிக்கு வேலை முடிந்து ஓடிவந்து, சோற்றை வடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். கதவைத் திறந்தால் முதலில் மணம் வரும், பிறகுதான் இவர் வருவார்.

அந்த மணத்தை எப்படிச் சொல்வது? அப்பிளை வெட்டி வைத்து, அது நிறம் மாறத் தொடங்கும்போது ஒரு வாசம் வருமே, அது கொஞ்சம். நனைந்த மண்பானை கொஞ்சம். அடியில் எங்கேயோ உப்பு. மோசமான மணமில்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொன்னேனா? எங்கள் வீட்டில் குடி என்றால் கள்ளுத் தவறணை, தவறணை என்றால் அடிபிடி. அப்படி வளர்ந்தவளுக்கு எல்லாப் போத்தலும் ஒரே போத்தல்தான். "போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நல்ல பிள்ளையாகப் போய்க் கொப்பளிப்பார். பதினெட்டு வருசத்துத் திங்கட்கிழமைகளைப் பெருக்கிப் பார்த்தேன். தொள்ளாயிரத்துக்கு மேலே வருகிறது.

ஒரு நாள் கொப்பளித்துவிட்டு வந்து மேசையில் இருந்துகொண்டு தொடங்கினார்.

"சந்திரா, உது எப்பிடிச் செய்யிறவை தெரியுமே உமக்கு? பீப்பாக்குள்ள வைனுக்கு மேல ஒரு ஆடை படருமாம். பாலாடை மாதிரி. அதை ஒருத்தரும் எடுக்கிறேல்லையாம், ஏனெண்டால்..."

"பீப்பாக் கதை எனக்கெதுக்கு? சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றேன். அந்த ஏனெண்டாலுக்குப் பிறகு என்னவென்று நான் கேட்கவில்லை. இவரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் முதலாளி ரெஸ்ரோறண்டை விற்றுப்போட்டு ஸ்பெயினுக்கே போய்விட்டான். இவர் வீட்டோடு வந்தார். மூன்று வருசம் மணமே இல்லை. ஷெரி வேண்டுமென்று இவர் கேட்கவும் இல்லை, நான் வாங்கிக் கொடுக்கவும் இல்லை. பாவி, நான் சந்தோசப்பட்டேன். பிறகு ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு அந்த மணம் வேண்டும். படையலுக்கு என்று ஊருக்குச் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் வேண்டும். முகம் படத்தில் இருக்கிறது. குரல் போனில் இருக்கிறது, "பால் வாங்கிக்கொண்டு வாறன்" என்று ஒரு தகவல், அதை எத்தனை தரமும் போட்டுக் கேட்கலாம். மணத்தை எதில் பிடித்து வைப்பது? சேட்டுகளில் இருந்ததும் சோப்பு மணம்தான், அதுவும் ஆறு மாதத்தில் போயிற்று.

திவசத்துக்கு ஐயர் நாள் பார்த்துச் சொன்னார். திதி ஒரு வியாழக்கிழமை வந்தது. மூன்று கிழமை இருந்தது. பக்கத்து சுப்பர்மார்க்கெட்டில் ஷெரி என்று எழுதியிருந்த போத்தல் ஒன்றை, தெரிந்தவர்கள் ஆரும் நிற்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். திறந்தால் இருமல் மருந்து. இனிப்பு மூக்கில் அடித்தது. சிங்கில் ஊற்றினேன்.

மகன் கிருஷாந் டூசல்டோர்ஃபில் கம்பியூட்டர் வேலை. இருபத்தொன்பது வயது, இவரைவிட ஒரு முழம் உயரம். சனிக்கிழமை வந்தபோது சொன்னான்.

"அம்மா, விஸ்கி வைப்பம். எல்லாரும் அதுதானே வைக்கினம்."

"அப்பா விஸ்கி குடிக்கேல்லை."

"அப்ப ஷெரி. ஒன்லைன்ல ஓடர் பண்ணுறன். என்ன பேர்?"

"தெரியாது. மணம்தான் தெரியும்."

"இன்ரநெற்றில மணம் தேட ஏலாதம்மா."

"உனக்கு அந்த மணம் ஞாபகமில்லையோ? பள்ளிக்கூடத்தால வந்து அப்பாட மடியிலதானே ஏறி இருக்கிறனி."

அவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். "இல்லை" என்றான். "எனக்கு அவர் செவ்வாய்க்கிழமை போறதுதான் ஞாபகம்."

எங்கள் குசினிச் சுவரில் கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கலண்டர் தொங்குகிறது. ஹம்பேர்க்கில் ரெஸ்ரோறண்டுக்கு வைன் கொடுத்த கடையுடையது. வருசா வருசம் தை மாதம் இவர் ஒன்று கொண்டுவருவார். கடைசியாக வந்ததை நான் கழற்றவில்லை. அதில் விலாசம் இருந்தது. புதன்கிழமை எனக்கு விடுமுறை. துணிப்பையில் ஒரு பழைய துவாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டப் பயணம். இவர் தொள்ளாயிரம் தரம் போய் வந்த பாதையில் நான் போனது இரண்டே தரம். ஒன்று, மகனுக்குப் பத்து வயதில் துறைமுகம் பார்க்க. மற்றது, கடை பூட்டியபோது இவருடைய சாமான்களை ஏற்ற. ஜன்னலுக்கு வெளியே வயலும் காற்றாலையும் போய்க்கொண்டே இருந்தன. இதைப் பார்த்துப் பார்த்து என்னத்தை நினைத்திருப்பார் என்று யோசித்தேன். கேட்டிருக்கலாம். கதைப்பதற்குக் கிழமைக்கு ஒரு மத்தியானம்தான் இருந்தது, அதிலும் முதல் பத்து நிமிசத்தை நான் வாய் கொப்பளிக்க வைத்தேன்.

ரெஸ்ரோறண்ட் இருந்த இடத்தில் இப்போது சுஷி விற்கிறார்கள். நான் நிற்காமல் நடந்தேன். வைன் கடை துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், இரண்டு படி கீழே இறங்கிப் போகிற மாதிரி இருந்தது. உள்ளே குளிர். கூரை வரை போத்தல்கள். நரைத்த தலைமயிரைச் சுருட்டிக் கொண்டை போட்டு அதில் பென்சிலைக் குத்தியிருந்த ஒரு பெண் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரி. என் டொச் மொழி குசினியில் பழகின டொச். அதில் கேட்டேன்.

"எனக்கு ஒரு ஷெரி வேண்டும்."

"எந்த ஷெரி?"

"என் கணவர் குடித்தது."

"பெயர் என்ன?"

"விஜயரத்தினம்."

அவள் சிரிக்கவில்லை. பெட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள். "குசினியில் இருந்த விஜய்?" என்று கேட்டாள். "வாரத்துக்கு இரண்டு தரம் நான் பின்வாசலில் பெட்டி இறக்குவேன். அவர்தான் வந்து தூக்குவார். எப்படி இருக்கிறார்?"

ஒரு வருசமாக அந்தக் கேள்வியை என்னிடம் ஆரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னேன். அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்திவிட்டு, கதவில் தொங்கிய அட்டையைப் "பூட்டியிருக்கிறது" என்ற பக்கம் திருப்பினாள். இனெஸ் என்று பெயர் சொன்னாள். தகப்பன் ஸ்பெயினிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவராம்.

படையலைப் பற்றிச் சொன்னேன். செத்தவருக்கு வைன் கொடுப்பது அவளுக்குப் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. "அப்படியென்றால் பிழையானதைக் கொடுக்கக் கூடாது" என்றாள். மணம் எப்படி என்று கேட்டாள். அப்பிள், மண்பானை, உப்பு என்றேன். கிளாஸ்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினாள்.

"நான் குடிப்பதில்லை. மணந்து பார்க்கலாமா?"

"மூக்கு போதும்" என்றாள்.

ஷெரி இல்லாமலும் இருக்கலாம், முதலில் மற்றதை ஒதுக்கிவிடுவோம் என்று ஒரு சிவப்பு வைனை ஊற்றினாள், ரியோஹா என்ற இடத்தினுடையது. மரப்பெட்டிக்குள் வைத்த பழம் மாதிரி இருந்தது. இல்லை. நுரைக்கிற வெள்ளை ஒன்று, கலியாண வீட்டில் உடைக்கிறது. இல்லை. பிறகு ஷெரிகள். ஒலோரோசோ என்று மண்ணிறத்தில் ஒன்று, வறுத்த வால்நட் மணம். இல்லை, ஆனால் எங்கேயோ தெரிந்த முகம். கறுப்பாகக் கட்டியாக ஒன்று, வெயிலில் காய வைத்த முந்திரிகைக் குலையில் செய்வதாம், பனங்கட்டிப் பாணிதான் அது. இல்லவே இல்லை. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வருகிற மன்சனில்லா. கிளாஸைக் கிட்டக் கொண்டுபோனதும் உப்பு வந்தது. ஆனால் அப்பிள் வேறு மாதிரி. கடைசியாக ஃபினோ. வெளிர் மஞ்சள். இதுதான் கிட்டவாக வந்தது. அப்பிள் இருந்தது, ஆனால் மரத்திலிருந்து இப்போது பிடுங்கின பச்சை அப்பிள். இவருடைய அப்பிளுக்கு வயது கூட.

கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தமையன், தம்பி, மச்சான், பெரியதகப்பன், எல்லாருடைய மூக்கும் முழியும் ஒரே சாயல். மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு கிளாஸ் மணந்துவிட்டு ஒரு கடைக்காரிக்கு முன்னால் அழுகிற கிழவியாகிவிட்டேனே என்று என் மேல் எனக்கே கோபம் வந்தது.

இனெஸ் கண்ணைத் துடைக்க ஒரு தாளை நீட்டிவிட்டு ஃபினோவைப் பற்றிச் சொன்னாள். பீப்பாவுக்குள் வைனுக்கு மேல் ஒரு ஆடை படரும், அதை எடுக்க மாட்டார்கள்.

"ஏனென்றால்?" என்று கேட்டேன்.

"ஏனென்றால் அதுதான் காற்றுப் படாமல் வைனைக் காக்கிறது. ஆடை இருக்கும்வரை வைன் இளமையாகவே இருக்கும். விஜய்க்கும் நான்தான் இதைச் சொன்னேன். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார். வீட்டில் போய் மனைவிக்குச் சொல்லப்போகிறேன் என்றார்."

எதைச் சொல்வது? சோறு ஆறுகிறது என்றேன் என்றா?

அவள் கேட்டாள். "உங்களுக்கு எப்போது மணத்தது? எந்த நாள்?"

"திங்கட்கிழமை. திங்கட்கிழமை மட்டும்தான் வருவார்."

அவள் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஃபினோவைத் திறந்தால் பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதற்குப் பிறகு சோர்ந்துவிடும். காற்றுப் பட்ட அப்பிள் மாதிரி. வாடிக்கையாளருக்கு ஊற்ற முடியாது. அந்த முதலாளி ஞாயிறு பூட்டும்போது பிரிட்ஜைத் துடைப்பான். பழசாகிப் போன திறந்த போத்தல்களைக் குசினிக்குக் கொடுப்பான். நானே கண்டிருக்கிறேன். விஜய் தன்னுடைய பங்கைச் சின்னத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் ஊற்றி வைப்பார், ரயிலுக்கு."

நான் ஃபினோக் கிளாஸை எடுத்து இன்னொரு தரம் மணந்தேன்.

"நீங்கள் தேடுகிற மணம் என் கடையில் இல்லை" என்றாள். "எந்தக் கடையிலும் இருக்காது. அதை நாங்கள் சிங்கில் ஊற்றிவிடுவோம்."

அப்படியென்றால் பதினெட்டு வருசத்தில் ஒரு நாளாவது புதுசாகத் திறந்ததை இவர் குடித்ததில்லையா என்று கேட்டேன். குசினிக்காரருக்கு அதை ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முதலாளி மேல். பிறகு மெல்ல மெல்ல என் மேல். ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டிறைச்சி வாங்கிக் கறி காய்ச்சுவேன். நானும் மகனும் சுடச்சுடச் சாப்பிடுவோம். இவருக்கு மிச்சத்தை எடுத்து வைத்துத் திங்கள் சூடாக்கிக் கொடுப்பேன். "பழங்கறிதானப்பா ருசி" என்று கையை வழித்து நக்குவார். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை மிச்சம், இங்கேயும் ஞாயிற்றுக்கிழமை மிச்சம். ருசி என்று உண்மையாகத்தான் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா? இனி ஆரிடம் கேட்பேன்?

"எது கொடுக்கப் போகிறீர்கள்? அவர் குடித்ததையா, குடிக்காததையா?" என்று இனெஸ் கேட்டாள்.

இரண்டு போத்தல் ஃபினோ கேட்டேன். அவள் தட்டிலிருந்து எடுக்காமல் உள்ளே போய்ப் புதுப் பெட்டியை உடைத்தாள். போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்து லேபலில் சின்ன எழுத்தைக் காட்டினாள், எந்த மாதம் அடைத்தது என்று போட்டிருந்தது. பயணம் வருகிறவர்கள் தூசி படிந்த போத்தலாகப் பார்த்து வாங்கிப் பெருமைப்படுவார்களாம். ஃபினோவுக்கு அது சரிவராது, கிட்டின மாதமாகப் பார்த்து வாங்க வேண்டுமாம். மீன் வாங்குகிற மாதிரி என்றேன். அதேதான் என்றாள். ஒன்றை இன்றைக்கே திறந்து, பாதியைக் கொட்டிவிட்டுத் தக்கையால் மூடிப் பிரிட்ஜில் வைக்கச் சொன்னாள்.

"எத்தனை நாளில் வரும்?"

"பத்து, பன்னிரண்டு, பதினைந்து. எனக்குத் தெரியாது. உங்கள் மூக்குக்குத்தான் தெரியும்."

போத்தல்கள் நிமிர்ந்து இருக்கும்படி துவாயைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முன்னால் இருந்த பெடியன் காதில் பாட்டு மாட்டியிருந்தான். இவர் இதே ரயிலில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருப்பார். பார்த்தவர்கள் தண்ணீர் என்றுதான் நினைத்திருப்பார்கள். கெல்சென்கிர்ச்சன் கிட்டக் கிட்ட முடித்திருப்பார். வீட்டு வாசலில் அதை வைத்துத் திட்டு வாங்கப் போவது தெரிந்தும் முடித்திருப்பார். அந்த மூன்று மணித்தியாலம்தான் மனுசனுக்கு முழுக்க முழுக்கச் சொந்தமான நேரமோ என்று தோன்றியது.

புதன் பின்னேரம் திறந்தேன். பச்சை அப்பிள், பேக்கரியில் பாணுக்குக் குழைத்த மா. வேறு ஆரோ. வியாழன் அதே. வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் தக்கையைத் திறந்து மணப்பேன். சனிக்கிழமை கிருஷாந் பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, குடிக்கிறீங்களோ?"

"மணக்கிறன்."

"சரி" என்றான். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, சில விசயங்களைக் கேட்காமல் விடத் தெரிந்தவன்.

அடுத்த புதன் அப்பிள் கொஞ்சம் மங்கியது. வெள்ளிக்கிழமை மண்பானை வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு அரை மணித்தியாலம் பிரிட்ஜ் கதவடியில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை உப்பு தெளிவாகிவிட்டது. இன்னும் ஏதோ ஒன்று குறைந்தது, என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டிறைச்சி வாங்கிக் கறி காய்ச்சினேன், நான் தொடவில்லை, அப்படியே மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். தக்கையைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. இதற்கு மேல் வைத்தால் போய்விடும் என்று மூக்குக்குத் தெரிந்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். ஐயர் சொன்ன திதியில் திவசம் நடக்கட்டும். எங்கள் வீட்டுக்கு இவர் வருகிற நாள் திங்கட்கிழமை.

படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தினேன். சோறும் முதல்நாள் கறியும் வைத்தேன். சின்னக் கிளாஸில் ஷெரியை ஊற்றி வைத்தேன். மந்திரம் தந்திரம் ஒன்றும் இல்லை. "இஞ்சேருங்கோ, ஆடையை ஏன் எடுக்கிறேல்லையெண்டு எனக்கு இப்ப தெரியும்" என்று சொன்னேன். பிறகு அந்த ஹம்பேர்க் பெண் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் இவருக்குச் சொன்னேன். வியாழக்கிழமைக்கு அடுத்த போத்தல் இருக்கிறது, அதைத் திறக்காமல் வைத்திருக்கிறேன், அன்றைக்கு முதல் கிளாஸ் உங்களுக்குத்தான் என்றும் சொன்னேன். இரண்டு மணியாயிற்று. மணி அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும், இருந்தாலும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படைத்ததை வீட்டில் உள்ளவர்கள்தான் சாப்பிட வேண்டும், கொட்டக் கூடாது. ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாகக் கிளாஸை வாயில் வைத்தேன். கசந்தது. நாக்கு வறண்டது. இதையா இவ்வளவு காலமும் என்று நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இருமி, கையைக் குவித்து வாயில் வைத்து மூச்சை விட்டேன்.

குறைந்தது அதுதான். வாய்ச்சூடு. கிளாஸில் குளிர்ந்து கிடந்தபோது வராதது, மூச்சில் சூடாக வந்ததும் வந்துவிட்டது. என் உள்ளங்கைக்குள் இவர் நின்றார், சப்பாத்துக் கழற்றாமல், கையில் பையோடு. நான் திரும்பத் திரும்ப ஊதினேன், திரும்பத் திரும்ப மணந்தேன். அப்படியே நிலத்தில் இருந்து அழுதேன். முகத்தைத் திருப்பவில்லை.

ஐந்து மணிபோல, வியாழக்கிழமைக்கு வாழையிலையும் சாமான்களும் வாங்கிக்கொண்டு கிருஷாந் வந்தான். அதற்குள் இன்னும் ஒரு கிளாஸ் முடித்திருந்தேன். கதவைத் திறந்து, "வா தம்பி, கறி இருக்கு" என்றேன்.

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் இல்லை.

"குடிச்சனான்தான்" என்றேன். "ஒண்டும் சொல்லாதை."

அவன் வாழையிலைச் சுருளைக் கீழே வைத்தான். அவ்வளவு உயரமான பிள்ளை குனிந்து தன் முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். கண்ணை மூடியிருந்தான்.

"அம்மா" என்றான். "இன்னொருக்கா ஊதுங்கோ."